எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போடலாமா? ஒரு அண்டி ஆபீஸின் செடெக்ஸ் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஜிஎஸ்டி, பிஎஃப், ஈஎஸ்ஐ கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். கருங்கல், புதுக்கடை, நித்திரவிளை பக்கத்து அண்டி ஆபீஸ்கள்தான், அதாவது முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலைகள்தான், என் வாடிக்கையாளர்களில் பெரும்பங்கு. கொஞ்ச காலமாக அவர்களிடமிருந்து வரும் போன்களில் ஒரே கேள்வி: “செடெக்ஸ் சர்டிபிகேட் எடுக்க எவ்வளவு ஆகும்?”

முதலில் அதை முடித்துவிடுகிறேன். அப்படி ஒரு சர்டிபிகேட் கிடையாது. செடெக்ஸ் என்பது 2004இல் பிரிட்டனில் சில சில்லறை வணிக நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு தளம். பொருள் விற்பவர் தன் தொழிற்கூடத்தைப் பற்றிய விவரங்களை அங்கே ஒரு தடவை பதிந்து வைத்தால், அவரோடு இணைப்பில் இருக்கும் பையர்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பையரும் தனித்தனியாக நூறு கேள்வி அனுப்ப வேண்டியதில்லை. இதற்கு ஆண்டுச் சந்தா உண்டு. சுய மதிப்பீட்டுக் கேள்வித்தாள் ஒன்று உண்டு. தேவைப்பட்டால் ஸ்மெட்டா என்ற ஆடிட். அந்த ஆடிட்டிலும் பாஸ், பெயில் கிடையாது. எங்கே குறை, எந்தத் தேதிக்குள் சரி செய்வீர்கள் என்று ஓர் அறிக்கை வரும், அவ்வளவுதான். ‘சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன்’ என்று ஒருவர் பணம் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள்.

நான் பதிந்து கொடுத்தது, சொந்தமாக ஏற்றுமதி இல்லாத ஒரு நடுத்தர அண்டி ஆபீஸுக்கு. பெயர் வேண்டாம். கொல்லத்தில் இருக்கும் ஏற்றுமதிக்காரர், செடெக்ஸில் பதியச் சொல்லி வந்த ஒரு மெயிலை அப்படியே இங்கே தள்ளி விட்டிருந்தார். அவருக்கு அது ஐரோப்பாவில் இருக்கும் இறக்குமதிக்காரரிடமிருந்து வந்தது. அந்த இறக்குமதிக்காரருக்கு அது ஒரு சூப்பர் மார்க்கெட்டிடமிருந்து வந்திருக்கும். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நவீன அடிமை முறைத் தடுப்புச் சட்டப்படி, ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் தங்கள் விநியோகச் சங்கிலியில் கட்டாய உழைப்பைத் தடுக்க என்ன செய்தோம் என்று வருடாவருடம் அறிக்கை விட வேண்டும். ஜெர்மனியில் 2023 ஜனவரியில் இன்னும் கடுமையான சட்டம் ஒன்று வந்தது. முதலில் 3,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு, மறு வருடம் 1,000 பேர் உள்ளவர்களுக்கும். அங்கே பார்லிமெண்டில் கை தூக்கியதன் எடை, நாலு மெயில் தாண்டி, கருங்கல் பக்கம் ஒரு போர்மா அறையில் வந்து இறங்குகிறது. போர்மா தெரியாதவர்களுக்கு: உடைத்தெடுத்த பருப்பைத் தோல் கழலும்படி உலர்த்துகிற சூட்டறை.

சரி, பதிவு. பெயர், விலாசம் என்கிற முதல் பக்கத்திலேயே நாள் போய்விட்டது. ஜிஎஸ்டி சான்றிதழில் இருப்பது முதலாளியின் வீட்டு முகவரி. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸில் பஞ்சாயத்துக் கதவு எண். கரண்ட் பில்லில் பழைய உரிமையாளர் பெயர். மாவட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு ‘என்’ போடுபவர்கள் பாதி, இரண்டு போடுபவர்கள் பாதி. நாம் எல்லாரும் ஒன்று என்றே படிப்போம், கம்ப்யூட்டர் இரண்டு ஊர் என்று நினைக்கும். நம்மூரில் ‘விளை’ என்று முடியாத இடம் எங்கே இருக்கிறது? வரைபடத்தில் ஊர்ப் பெயரைத் தேடினால் அதே பெயரில் இன்னொரு விளைக்குக் கூட்டிப் போகிறது. கடைசியில் போனை எடுத்துக்கொண்டு ஆபீஸ் கேட்டில் போய் நின்று அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்தேன். நிறுவனம் வேறு, தொழிற்கூடம் வேறு என்று இரண்டு குறியீட்டு எண் கொடுப்பார்கள். பையர் கேட்பது பெரும்பாலும் இரண்டையும். எந்த ஆவணத்தில் எந்த முகவரி என்று முன்னமே பார்த்து, ஒரே மாதிரி திருத்தி வைத்துக்கொண்டு உட்காருவது நல்லது. ஆடிட்டர் வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அடுத்தது, உங்களுக்கு மூலப்பொருள் தருபவர் யார், உங்களிடம் வாங்குபவர் யார் என்ற கேள்வி. எளிய கேள்விதான். ஆனால் நம் பக்கத்தில் பாதி ஆபீஸ்கள் ஓடுவது கூலிக்கு. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து பச்சை அண்டி இறங்குகிறது. கொல்லத்துக்காரர் அதை வாங்கி இங்கே லாரியில் அனுப்புகிறார். நாம் அவித்து, உடைத்து, தோலுரித்து, தரம் பிரித்து, டின்னில் அடைத்து அவருக்கே திருப்பி அனுப்புகிறோம். அண்டியும் அவருடையது, பருப்பும் அவருடையது. அப்படியானால் சப்ளையர் கட்டத்தில் அவர் பெயரா, கஸ்டமர் கட்டத்தில் அவர் பெயரா? இரண்டிலும் போட்டேன். கேள்வியைத் தயாரித்தவர் மனதில் ஒரு நேர்கோடு இருந்திருக்கிறது: விவசாயி, வியாபாரி, ஆலை, கடை. எங்கள் கோடு கொல்லத்தில் கிளம்பி கொல்லத்தில் முடிகிற வட்டம்.

கொல்லத்து ஆபீஸ்கள் கூலி குறைந்த இடம் தேடி எல்லை தாண்டி இங்கே வந்த கதை பழையது. 1956 நவம்பர் 1ஆம் தேதி குமரி, தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தொழில் மட்டும் இன்னும் அந்தப் பக்கம் பார்த்தே நடக்கிறது. இந்த விவரத்தை எழுத எந்தக் கட்டமும் இல்லை. நான் மட்டும் நினைத்துக்கொண்டேன்.

பச்சை அண்டி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்டதற்கு மூட்டையைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. சாக்கில் நாட்டின் பெயர் அச்சிட்டிருக்கும், சில சமயம். ஐவரி கோஸ்ட், பெனின், கினி பிசாவ், தான்சானியா. மேற்கு ஆப்பிரிக்க அண்டி வருடத்தின் முற்பாதியில் அறுவடை, தான்சானியா வருடக் கடைசியில். இரண்டுக்கும் நடுவே நம் ஆபீஸ்களில் வேலை மெலியும். கொல்லத்துக்காரரிடம் லாட் எண்ணும் நாடும் எழுதிக் கேட்டபோது அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் எந்த இறக்குமதியாளரிடம் வாங்குகிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டால் நாளைக்கு நாங்களே நேரடியாக வாங்கப் போய்விடுவோமோ என்ற பயம். நியாயமான பயம். நடுவில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் பிழைப்பே, அடுத்த ஆளைக் காட்டாமல் இருப்பதில்தான். நாட்டின் பெயர் மட்டும் தருகிறேன், இறக்குமதியாளர் பெயர் தர மாட்டேன் என்றார். அந்த மட்டில் எழுதினோம்.

இனி ஆட்கள் பகுதி. இங்கேதான் எனக்கும் முதலாளிக்கும் சண்டை.

“எல்லாத்துக்கும் எஸ் போடு தம்பி. ஒரு நோ போட்டாலும் ஆர்டர் போவும்,” என்றார். பரீட்சைத்தாள் மாதிரி அவர் இதைப் பார்த்தார். நிறைய பேர் அப்படித்தான் பார்க்கிறார்கள்; பக்கத்து ஆபீஸ் நிரப்பிய தாளை வாங்கி அப்படியே காப்பி அடித்த ஆபீஸும் எனக்குத் தெரியும். எல்லாப் பதிலும் ‘ஆம்’ என்று இருக்கிற ஒரு முந்திரி ஆபீஸை அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் நம்பப் போவதில்லை. நாடு, தொழில், பெண் தொழிலாளர் விகிதம், துண்டுக்கூலி எல்லாம் வைத்து முன்கூட்டியே ஆபத்து மதிப்பெண் ஒன்று போட்டு வைத்திருக்கிறார்கள். ஆடிட்டர் வந்து தொழிலாளிகளிடம் தனியாகப் பேசும்போது, எழுதியது ஒன்று, அவர்கள் சொல்வது இன்னொன்று என்றால், குறையைவிடப் பொய்தான் பெரிதாகப் பதிவாகும். ‘இல்லை, இந்தத் தேதிக்குள் செய்வோம்’ என்ற பதிலுக்கு அந்தத் தளத்தில் இடம் இருக்கிறது. ‘ஆம்’ என்று போட்டுவிட்டால் அந்த இடம் போய்விடும்.

எத்தனை தொழிலாளர்கள் என்ற கேள்விக்கே ஓர் எண் இல்லை. அண்டி லோடு வந்த மாதம் ஒரு கணக்கு, வராத மாதம் வேறு. ஈஎஸ்ஐ மாதப் பட்டியலைத் திறந்தால் அத்தனை பெயரும் இருக்கும். சில பெயர்களுக்கு நேரே நாள் பூஜ்யம், காரணம் ‘வேலை இல்லை’. அவர்களை எண்ணுவதா, விடுவதா? எண்ண வேண்டும் என்பதே என் கட்சி. லோடு வந்த அன்று காலையில் முதலில் கேட்டில் நிற்பது அவர்கள்தானே.

அடுத்து வந்தது, இந்தக் கட்டுரையே எழுதக் காரணமான கேள்வி. துண்டுக்கூலிக்கு வேலை செய்பவர்கள், வழக்கமான வேலை நேரத்துக்குள் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியை எட்டுகிறார்களா? ஆமா, இல்லையா?

தோலுரிக்கும் பீலிங் அறையில் ஒரு நீளமான நோட்டு உண்டு. அட்டை பிய்ந்து, முந்திரித் தோலின் சிவப்புக் கறை ஏறி இருக்கும். இடது பக்கம் பெயர், வலது பக்கம் கிலோ. வெள்ளிக்கிழமை கூட்டிப் போட்டுச் சம்பளம். அந்த நோட்டில் இல்லாதது நேரம். வீட்டில் சமையல் முடித்து எட்டரைக்கு வருகிறவர் உண்டு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்ட மூணரைக்கு எழுந்து போகிறவர் உண்டு. கிலோ கணக்குக்கு நேரம் எதற்கு என்று யாரும் எழுதியதில்லை. நேரம் தெரியாமல் அந்தக் கேள்விக்கு ஆமா என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

அதனால் நோட்டில் இன்னும் இரண்டு பத்தி கோடு போட்டோம்: வந்த நேரம், போன நேரம். கூடவே மேலே லாட் எண். மேஸ்திரிக்கு எரிச்சல். பீலிங்கில் வயதில் மூத்த ஓர் அக்கா என்னைக் கூப்பிட்டு, “இது என்னத்துக்கு மக்களே? நேரம் பாத்து காசைப் பிடிக்கப் போறியளா?” என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை. இருபது வருடம் அங்கே உட்கார்ந்தவருக்கு, புதிதாக ஒருவன் கோடு போட்டால் அது தனக்கு நல்லதாக முடியும் என்று நம்ப ஒரு காரணமும் கிடையாது.

சில வாரம் கழித்து நோட்டைப் பார்த்தபோது தெரிந்தது இது. ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே கை. ஒரு லாட்டில் குறைந்தபட்சக் கூலியைத் தாண்டுகிறார், அடுத்த லாட்டில் எட்டவில்லை. காரணம் பருப்பின் பருமன். முந்திரித் தரத்தில் டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 பருப்பு. கிலோவுக்குச் சுமார் 700. டபிள்யூ 210 என்றால் கிலோவுக்கு 450 பக்கம். டபிள்யூ 450 என்றால் 900க்கு மேலே போய்விடும். சின்னப் பருப்பு அதிகம் விழுகிற லாட் வந்தால், ஒரு கிலோ ஆவதற்குள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பருப்பில் தோல் எடுக்க வேண்டும். கூலி என்னவோ கிலோவுக்கு ஒரே கூலி. அவர் அன்றைக்கு எவ்வளவு சம்பாதிப்பார் என்பது, ஆப்பிரிக்காவில் எந்த ஊர்த் தோட்டத்து மூட்டையை எடைபோட்டு ஏற்றினார்கள் என்பதில் பாதி முடிவாகிவிடுகிறது.

கேள்வித்தாளில் ‘மூலப்பொருள் எந்த நாடு’ என்பது ஒரு பக்கத்தில், ‘கூலி’ இன்னொரு பக்கத்தில். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கள் நோட்டில் லாட் எண்ணுக்குக் கீழேதான் கிலோ.

முதலாளி கெட்டவர் இல்லை. நோட்டை எதிரில் வைத்து நான் கூட்டிக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “மூட்டைக்கு இவ்வளவு பவுண்டு பருப்பு வரணும்னுதான் கொல்லத்துக்காரன் கேப்பான். சின்னதா பெருசான்னு கூலியில பாக்க மாட்டான்,” என்றார். உண்மைதான். 80 கிலோ மூட்டைக்கு 47, 48 பவுண்டு பருப்பு விழுந்தால் நல்ல சரக்கு என்பார்கள். கூலிக்கு ஓட்டும் ஆபீஸுக்கு மூட்டைக் கணக்கில்தான் பணம். சின்னப் பருப்பின் கூடுதல் உழைப்பு அந்தக் கணக்கில் எங்கேயும் ஏறாது. பீலிங் அறையில் உட்கார்ந்திருப்பவர்களின் விரல் நுனியில் ஏறும்.

பதிலில் ‘இல்லை, எல்லா லாட்டிலும் இல்லை’ என்று எழுதி, விளக்கக் கட்டத்தில் மேலே சொன்னதைச் சுருக்கிப் போட்டோம். சின்ன லாட் ஓடும் நாட்களில், நேரக் கணக்குப்படி குறைவது எவ்வளவோ அதை ஆபீஸ் கட்டிக்கொடுக்கும் என்று முதலாளி ஒத்துக்கொண்டார். மூன்று நாள் யோசித்து, வீட்டில் பேசி, என்னைத் திட்டி, அப்புறம்தான். அதுவும் பீலிங்குக்கு மட்டும். அண்டி தல்லுறவங்க, அதாவது உடைக்கிறவங்க, கணக்கு இன்னும் பேச்சில் இருக்கிறது.

கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரம் பிரிக்கும் அறையின் பின்கதவில் பூட்டு. சாவி மேனேஜர் மேசை டிராயரில். பருப்பு விலை அப்படி. ஒரு டிபன் பாக்ஸில் போனாலும் நஷ்டம்தான். ஆனால் பக்கத்து அறையில் போர்மா சூடு, வெளியே மலையாக அண்டித்தோடு. தோட்டில் இருப்பது எண்ணெய். பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்கிற தீ இல்லை அது. ‘வேலை நேரத்தில் அவசர வழிகள் பூட்டப்படாமல் உள்ளனவா’ என்ற கேள்விக்கு இங்கே எழுதவே கூடாத பதில் ‘ஆம்’. இதில் மட்டும் நான் விளக்கக் கட்டம், தேதி என்று எதற்கும் இறங்கவில்லை. அன்றைக்கே பூட்டை எடுத்து, உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற தாழ்ப்பாள் போடச் சொன்னேன். கதவு திறந்தால் கத்துகிற ஒரு சின்ன அலாரம் முதலாளியின் யோசனை. நல்ல யோசனை.

மற்றவை வேகமாக. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பாலியல் புகார்களுக்கு உள் குழு வேண்டும் என்பது 2013 சட்டம்; தலைவர் பெண், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். தாளில் குழு இருந்தது, அதில் இருந்த பெண்கள் இருவருக்கும் தாங்கள் உறுப்பினர் என்பதே தெரியாது. இப்போது தெரியும். 1948 தொழிற்சாலைச் சட்டம் முப்பது பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. அந்த அறையும் இருந்தது, உள்ளே காலி டின்கள் அடுக்கியிருந்தார்கள். கழிவு பற்றிய கேள்விகள் நமக்கு எளிது. அண்டித்தோட்டை எண்ணெய் ஆலைக்காரர் காசு கொடுத்து வாங்கிப் போகிறார், மிச்சம் பாய்லருக்கு. முந்திரியில் வீணாவது குறைவு.

வீட்டுக்குக் கொடுத்துத் தோலுரிப்பது உண்டா என்றும் ஒரு கேள்வி. நெருக்கடி நேரத்தில் உண்டு. ‘உண்டு’ என்றே எழுதினோம். யாருக்கு, எத்தனை கிலோ என்று இன்னொரு சின்ன நோட்டு தொடங்கியிருக்கிறது.

இனி, யார் பார்க்கிறார்கள் என்ற விஷயம். பதிவதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், கேட்பவர்கள்தான் குறைவு. செடெக்ஸில் நீங்கள் இணைப்புக் கொடுத்த பையருக்குத்தான் உங்கள் விவரம் திறக்கும். பையரின் குறியீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, அதைச் சரிபார்த்து இணையுங்கள். ஓபன் சப்ளை ஹப் போன்ற தளங்கள் வேறு வகை. அங்கே பெயர், முகவரி, வரைபடப் புள்ளி எல்லாம் உலகத்துக்கே திறந்து கிடக்கும், பணமும் கிடையாது, ஒவ்வொரு ஆலைக்கும் 15 எழுத்தில் ஓர் அடையாள எண். உங்கள் ஆலையை உங்களைக் கேட்காமலேயே ஒரு பையர் அதில் ஏற்றியிருக்கலாம். தேடிப் பாருங்கள். இருந்தால், ‘இது என்னுடையது’ என்று உரிமை கோரி விவரத்தைத் திருத்தலாம். நமக்கு இதில் ஓர் ஆதாயமும் உண்டு: கொல்லத்துக்காரர் பெயருக்குப் பின்னால் இத்தனை வருடம் மறைந்திருந்த ஆபீஸ், நேரடியாகத் தேடுகிற ஒரு பையர் கண்ணில் படும். கொல்லத்துக்காரருக்குப் பிடிக்காததும் இதேதான்.

இத்தனை கேள்வியிலும் கேட்காத ஒன்று இருக்கிறது. உங்கள் பையர் உங்களுக்கு என்ன விலை கொடுக்கிறார்? கடைசியாக எப்போது கூட்டிக் கொடுத்தார்? எத்தனை நாள் கழித்துப் பணம் போடுகிறார்? எங்கள் பீலிங் நோட்டின் ஒவ்வொரு வரியும் லண்டன் வரை தெரியும். லண்டனில் அந்தப் பருப்பு என்ன விலைக்கு விற்றது, அதில் மூட்டைக் கூலி எத்தனை பங்கு என்று நோட்டு எழுதுகிற மேஸ்திரிக்குத் தெரியாது. வெளிப்படைத்தன்மை என்று பெயர் வைத்துவிட்டு, கண்ணாடியை ஒரு பக்கம் மட்டும் துடைத்து வைத்திருக்கிறார்கள். ஆபீஸின் சந்தாவும் துடைக்கப்படுகிற பக்கத்துக்காரன் தலையில்தான். ஆண்டுச் சந்தாவில் பாதியை ஏற்றுக்கொள்ள முடியுமா, சின்னப் பருப்பு லாட்டுக்கு மூட்டைக் கூலி கூட்ட முடியுமா என்று, நோட்டின் இரண்டு பக்கத்தைப் படமெடுத்து இணைத்து, கொல்லத்துக்கு மெயில் போட்டோம். சந்தாவுக்கு மறுப்பு உடனே வந்தது. கூலிக்கு, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். மேலே என்றால் இறக்குமதிக்காரர். தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். சின்னப் பருப்பின் கதை எழுத்தில் மேலே போனது இதுதான் முதல் தடவை என்றார் முதலாளி.

இதற்கிடையில் இன்னொரு பையர் வேறொரு தளத்தின் பெயரைச் சொல்லி, அதிலும் பதிய வேண்டும் என்கிறார். கேள்விகள் முக்கால்வாசி அதேதான், வரிசை மட்டும் வேறு. இந்தத் தடவை முதலாளி ‘எஸ்’ போடச் சொல்லவில்லை. “அந்த நேர நோட்டை எடுத்துட்டு வா,” என்று மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினார். அவர் சாப்பாட்டு நேரம் முடிந்து வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.